ரொறொன்ரோ எவ்வளவு தூரம், டீச்சர்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. பிள்ளைகள் இருக்கிற ஊர் எவ்வளவு தூரம், போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும், ஏன் அப்படிச் சுற்றிப் போகிறார்கள். ஆடி, ஆவணி வந்தால் எங்கள் பக்கத்து அம்மாமாரும் அப்பாமாரும் பெட்டி கட்டுகிற காலம். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் புவியியல் படிப்பித்த எனக்கு இதைவிடச் சந்தோசமான வேலை வேறு இல்லை. மேசையில் பழைய உலக உருண்டையும் ஒரு துண்டு சிவப்புத் தையல் நூலும் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

டீச்சர், மகள் ரொறொன்ரோவில் இருக்கிறா. புரட்டாதியில் அவவுக்குப் பிள்ளை பிறக்க இருக்கிறது. ஆவணியில் வரச் சொல்லி டிக்கெட் அனுப்பியிருக்கிறா. இரவு 8.30க்குக் கட்டுநாயக்கவில் ஏறி மறுநாள் காலை 9.30க்கு ரொறொன்ரோவில் இறங்குவதாக அதில் இருக்கிறது. இடையில் டுபாயில் விமானம் மாற வேண்டும். பதின்மூன்று மணித்தியாலத்தில் கனடாவுக்குப் போய்விடலாமா? எனக்கு வயது 63, சீனி வருத்தம் இருக்கிறது, தனியாகத்தான் போகிறேன்.
*ஒரு தாய், களுதாவளை*

இல்லைத் தங்கச்சி, இருபத்திரண்டரை மணித்தியாலம். (உங்களை விட எனக்கு ஐந்து வயது கூட, அதனால் அப்படிக் கூப்பிடுகிறேன்.) டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரமும் சரிதான். ஆனால் 8.30 என்பது எங்கள் மணிக்கூடு காட்டும் நேரம், 9.30 என்பது ரொறொன்ரோ மணிக்கூடு காட்டும் நேரம். ஆவணி மாதத்தில் ரொறொன்ரோ எங்களை விட ஒன்பதரை மணித்தியாலம் பிந்தி இருக்கும். நீங்கள் அங்கே காலை 9.30க்கு இறங்கும்போது களுதாவளையில் இரவு 7 மணி, பிள்ளையார் கோயில் பக்கம் விளக்கெல்லாம் ஏற்றியிருப்பார்கள். முதல் நாள் இரவு எட்டரையிலிருந்து மறுநாள் இரவு ஏழு வரை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், 22½ வரும்.

அதைப் பிரித்துச் சொல்கிறேன். கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் சுமார் 3,300 கிலோமீற்றர், நாலே முக்கால் மணித்தியாலம். டுபாயில் காத்திருப்பது மூன்றே முக்கால் மணித்தியாலம். டுபாயிலிருந்து ரொறொன்ரோ சுமார் 11,100 கிலோமீற்றர், ஒரே இருப்பில் பதினாலு மணித்தியாலம்.

ஆனால் உங்கள் பயணம் கட்டுநாயக்கவில் தொடங்கவில்லை, உங்கள் வீட்டுப் படலையில் தொடங்குகிறது. இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மட்டக்களப்புக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையில் நேர்கோட்டில் 200 கிலோமீற்றர் சொச்சம்தான். பெரிய விமானம் அந்தத் தூரத்தை வானத்தில் கால் மணித்தியாலத்தில் கடந்துவிடும். நாங்கள் வான் பிடித்து வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போய்ச் சேர, சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நிற்கிற நேரத்தோடு எட்டு மணித்தியாலம் ஆகிவிடுகிறது. மூன்று மணித்தியாலம் முந்தி விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வழியில் ரயர் காற்றுப் போனாலும் பதறாமல் இருக்க இன்னும் ஒரு மணித்தியாலம் கையில் வேண்டும். ஆகவே காலை 8.30க்கு வீட்டால் வெளிக்கிடுங்கள். வீட்டுப் படலையிலிருந்து ரொறொன்ரோவில் இறங்கும் வரை 34½ மணித்தியாலம். அதற்குப் பிறகு கடவுச்சீட்டு வரிசை, பெட்டி எடுப்பது, மகளின் வீட்டுக்குக் காரில் போவது என்று இன்னும் இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். இதில் நீங்கள் ஆகாயத்தில் இருப்பது 18¾ மணித்தியாலம் மட்டும். முழுப் பயணத்தில் அது ஏறத்தாழப் பாதிதான்.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், என் சொந்த அக்கா இந்த மணிக்கூட்டுக் கணக்குத் தெரியாமல் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. 2012இல் அவவும் தனியாகத்தான் ரொறொன்ரோவுக்குப் போனா, அப்போது வயது எழுபது. இடையில் விமானம் மாறுகிற இடத்தில், போர்டிங் பாஸில் 2.15 என்று போட்டிருந்தது. அக்காவின் கையில் கறுப்பு வார் போட்ட சின்ன மணிக்கூடு. அது ஊர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் 2.15 ஆகியும் யாரும் கூப்பிடவில்லை. விமானம் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்று அக்கா முடிவு கட்டிவிட்டா. அந்த இடத்தை விட்டே எழும்பிப் போய், கழிவறை வாசலுக்குப் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "முருகா, என்னை எங்க கொண்டு வந்து விட்டாய்" என்று சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறா. அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த பொடியன் ஒருவனுக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து ஏறாவூர்ப் பிள்ளை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, "அழாதீங்கம்மா, இஞ்ச மணி இன்னும் ஒண்ணாகல்ல, உங்கட ப்ளேன் போகல்ல" என்று சொல்லி, அக்காவின் கையைப் பிடித்து மணிக்கூட்டு முள்ளைத் தானே ஒன்றரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிவிட்டு, ஏறுகிற வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறான். பெயர் கேட்க அக்காவுக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது அந்தப் பிள்ளைக்காகவும் கும்பிடுகிறோம். டிக்கெட் எடுத்துக் கொடுத்த பயண முகவர் இந்த ஒரு வசனத்தை அக்காவுக்குச் சொல்லியிருந்தால் போதும். காசு வாங்கியவருக்கு அது கடமை.

எனவே தங்கச்சி, போர்டிங் பாஸில் இருப்பது எப்போதும் அந்தந்த விமான நிலையத்தின் நேரம். டுபாயில் இறங்கியதும் சுவரில் உள்ள மணிக்கூட்டைப் பார்த்து உங்கள் கை மணிக்கூட்டைத் திருப்பி வையுங்கள். அதோடு, கொப்பித் தாள் ஒன்றில் பெரிய எழுத்தில் இப்படி எழுதிக் கைப்பையில் வையுங்கள்:

கட்டுநாயக்க இரவு 8.30, ஏறுவது.
டுபாய் இரவு 11.45, இறங்குவது. ஊரில் 1.15.
டுபாய் விடியப்புறம் 3.30, ஏறுவது. ஊரில் காலை 5.00.
ரொறொன்ரோ காலை 9.30, இறங்குவது. ஊரில் இரவு 7.00.

ஊர் நேரத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உங்கள் சீனி வருத்தம். உடம்புக்கு டுபாய் நேரமும் தெரியாது, ரொறொன்ரோ நேரமும் தெரியாது. பல நாளைக்கு அது களுதாவளை நேரத்தில்தான் பசிக்கும், உறங்கும். இந்தத் தாளை உங்கள் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, எந்த மருந்தை எந்த நேரத்தில் எடுப்பது என்று அவர் கையால் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம். மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டிக்குள் வேண்டாம். பெட்டி பிந்தி வந்தால் மருந்தும் பிந்திவிடும்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதுபோல் இராது. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். நுவரெலியா ஆறாயிரம் அடிக்குச் சற்று மேலே, பிதுருதலாகலை உச்சி எட்டாயிரத்துச் சொச்சம். அந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ ஒரு மலையில் பதினாலு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்று மிகவும் உலர்ந்திருக்கும், தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரமாவது எழும்பி நடவுங்கள், காலில் இரத்தம் கட்டாமல் இருக்க அது அவசியம். வீல்செயர் உதவியை இப்போதே மகளிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதற்குக் காசு இல்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. நடக்க முடிந்தவர்களும் கேட்கலாம். விமானம் மாறும் இடத்தில் ஒரு ஆள் உங்களை வாசலுக்கு வாசல் கொண்டுபோய் விடுவார். எல்லா இடத்திலும் ஏறாவூர்ப் பிள்ளை வருவான் என்று நம்பி இருக்க முடியாது.

வகுப்பறைச் சுவரில் உள்ள உலகப் படத்தில் இலங்கையிலிருந்து ரொறொன்ரோவுக்கு அடிமட்டம் வைத்துக் கோடு போட்டால் அரபு நாடுகள், ஆபிரிக்காவின் வடக்கு, அத்திலாந்திக் சமுத்திரம் என்று போகிறது. ஆனால் மாமா போனபோது விமானத்தில் இருந்த திரையில் ரஷ்யா, கிரீன்லாந்து என்று வடக்கே வளைந்து போனதாகச் சொன்னார். ஏன் வளைந்து போகிறார்கள்?
*உயர்தர மாணவி, அக்கரைப்பற்று*

மகள், வளைந்திருப்பது படம்தான், பாதை அல்ல. வீட்டில் ஒரு தோடம்பழம் எடுங்கள். பேனாவால் நடுவே சுற்றி ஒரு கோடு போடுங்கள், அது பூமத்திய கோடு. அதற்குச் சற்று மேலே ஒரு புள்ளி, அது நாங்கள். பழத்தின் மறுபக்கத்தில், மேல் பாதியின் நடுவில் இன்னொரு புள்ளி, அது ரொறொன்ரோ. இரண்டுக்கும் இடையில் நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் பக்கவாட்டில் போகாது, வழுக்கிக்கொண்டு காம்புப் பக்கம் ஏறிவிடும். இறுக்கிப் பிடித்த நூல்தான் உருண்டையில் மிகக் குறுகிய பாதை. அதைப் பெருவட்டப் பாதை என்று நீங்கள் படித்திருப்பீர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையம் 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கிறது. ரொறொன்ரோ விமான நிலையம் 80 பாகை மேற்குக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கிறது. பூச்சிய நெடுங்கோடு ஓடும் கிறீனிச்சை நடுவில் வைத்து யாரோ படத்தை இரண்டாக மடித்து ஒற்றியெடுத்ததுபோல! ஒன்றுக்கொன்று உலகின் மறுபக்கம் என்றே சொல்லலாம். அப்படி இருந்தால் மிகக் குறுகிய வழி துருவத்துக்குக் கிட்டத்தான் போகும். என் உருண்டையில் நூலை வைத்தால் அது இந்தியாவின் மேலாக ஏறி, ஆப்கானிஸ்தான் பக்கம் போய், கசகஸ்தானைத் தொட்டு, ரஷ்யாவின் வெண்கடலைக் கடந்து, நோர்வேக்கு அப்பால் 72 பாகை வடக்கு வரை உயர்ந்து, கிரீன்லாந்தின் பனிக்கு மேலாகக் கனடாவுக்குள் இறங்குகிறது. தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நீங்கள் அடிமட்டம் வைத்துப் போட்ட கோட்டில் போனால் 16,000 கிலோமீற்றருக்கு மேல் வரும். "வளைந்து" போவதால் இரண்டாயிரம் கிலோமீற்றர் மிச்சம்.

சுவர்ப் படம் பொய் சொல்கிறது என்று கோபிக்க வேண்டாம். மேர்கேற்றர் என்ற படவரைஞர் 1569இல் மாலுமிகளுக்காக வரைந்த முறை அது. திசைகாட்டியைப் பார்த்து ஒரே திசையில் கப்பல் ஓட்ட அதைவிடச் சிறந்த படம் இல்லை. ஆனால் துருவத்தை நோக்கிப் போகப் போக நிலத்தை இழுத்துப் பெருப்பித்துக் காட்டும். அதில் கிரீன்லாந்து ஆபிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆபிரிக்கா அதைப் போலப் பதினாலு மடங்கு.

இப்போது இன்னொரு கணக்கையும் செய்து பாருங்கள். இடையில் இறங்குவதால் தூரம் எவ்வளவு கூடுகிறது? டுபாய் வழியாகப் போனால் 14,400. லண்டன் வழியாகப் போனால் 8,700உம் 5,700உம், அதுவும் 14,400. நேர்ப்பாதையை விட நானூறு கிலோமீற்றர்தான் கூட. இரண்டு ஊரும் நூலுக்குக் கிட்ட இருப்பதால் அப்படி. சிங்கப்பூர் வழியாகப் போனால் 17,700. மலிவு டிக்கெட் என்று கிழக்கே அனுப்பப் பார்த்தால் வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நேரடி விமானம் இல்லாததற்குத் தூரம் காரணமல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றரை ஒரே மூச்சில், பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் பறக்கிற விமானங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு சேவையை நடத்த ஒவ்வொரு நாளும் இருக்கைகள் நிரம்ப வேண்டும். டுபாய், தோஹா போன்ற இடங்களில் பல நாட்டுப் பயணிகளை ஒன்று சேர்த்து நிரப்புகிறார்கள்.

பெருவட்டப் பாதையிலும் எல்லோரும் போக முடியாது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், பரீட்சைக்கும் உதவும். 2022இல் உக்ரேன் போர் தொடங்கிய பிறகு ஐரோப்பிய, கனடிய விமானங்களுக்கு ரஷ்ய வான்பரப்பு மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணித்தியாலத்தில் போனவர்கள் இப்போது சுமார் பதின்மூன்று மணித்தியாலம் பறக்கிறார்கள். ஊர் நகரவில்லை, தூரமும் மாறவில்லை, வழிதான் அடைபட்டது. எங்களுக்கு இது புதிதல்ல. குருமண்வெளியில் நின்று பார்த்தால் மண்டூர் கண்ணுக்கு முன்னால் தெரியும். பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்தால் கொஞ்ச நேரம். பாதை ஓடாத நாளில் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி, போரதீவு, வெல்லாவெளி என்று போக வேண்டும். மண்டூர்த் திருவிழாவுக்கு அப்படிச் சுற்றிப் போன வருடங்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

விமானம் மேலே போய் அசையாமல் நின்றால், பூமி சுற்றுகிறதுதானே, ரொறொன்ரோ தானாகக் கீழே வராதா?
*ஆறாம் தர மாணவன், தம்பிலுவில்*

நல்ல கேள்வி மகன். பெரிய பெரிய ஆட்களும் இதை யோசித்திருக்கிறார்கள். நீங்கள் உதயதேவி ரயிலில் போகும்போது ஒரு மாங்காயை மேலே எறிந்து பிடித்துப் பாருங்கள். மாங்காய் பின்பெட்டிக்குப் போகாது, உங்கள் கைக்கே வரும். ரயிலோடு சேர்ந்து அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. பூமியும் அப்படித்தான். நாங்கள் இருக்கும் இடம் மணிக்கு 1,650 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே சுற்றுகிறது. அதோடு மரமும் வீடும் நீங்களும், முக்கியமாகக் காற்றும் சேர்ந்து சுற்றுகின்றன. விமானம் அந்தக் காற்றில் மிதக்கிற பொருள். மேலே போய் நின்றால் தம்பிலுவிலுக்கு மேலேதான் நிற்கும். இன்னொன்று: பூமி சுற்றுவது மேற்கிலிருந்து கிழக்காக. கீழே ஊர்கள் நகர்ந்து வந்தாலும் எங்கள் அகலக்கோட்டில் உள்ள ஊர்கள்தான் வரும். ரொறொன்ரோ அதைவிட நிறைய வடக்கே இருக்கிறது.

போகும்போது பதினாலு மணித்தியாலம், வரும்போது பதின்மூன்று மணித்தியாலத்துக்கும் குறைவு. அதே டுபாய், அதே ரொறொன்ரோ. பூமி சுற்றுவது காரணமில்லை என்றால் வேறு என்ன?
*ஓய்வுபெற்ற தபால் அதிபர், வாழைச்சேனை*

காற்று, ஐயா. கச்சான் காற்று வீசுகிற காலத்தில் கல்லடியிலிருந்து டவுனுக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பாலத்தில் ஏறியதும் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். திரும்பி வரும்போது மிதிக்காமலே சைக்கிள் ஓடும். கச்சானும் மேற்கிலிருந்துதான் வீசுகிறது. வடக்கே, நடு அகலக்கோடுகளில், பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது. ஜெட் தாரை என்று சொல்வார்கள். மணிக்கு 150, 200 கிலோமீற்றர் அதற்குச் சாதாரணம், மாரி காலத்தில் இன்னும் கூடும். வெப்பமான தெற்குக் காற்றுக்கும் குளிர்ந்த வடக்குக் காற்றுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் அதை ஓட்டுகிறது. மாரியில் அந்த வித்தியாசம் பெரிது, அதனால் வேகமும் கூட.

விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கிலோமீற்றர் போகிறது என்று வையுங்கள். பின்னால் 150 தள்ளினால் நிலத்தைப் பொறுத்து 1,050. முன்னால் 150 எதிர்த்தால் 750. 2020 பெப்ரவரியில் ஒரு புயற்காற்று இந்தத் தாரையை மிகவும் பலப்படுத்தியிருந்தபோது, பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானம் ஒன்று நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழமையாக அதற்கு ஆறரை மணித்தியாலம் போல எடுக்கும். அதனால்தான் ஐயா, விமானப் பயணத்தைக் கிலோமீற்றரில் மட்டும் அளந்து பார்ப்பது போதாது என்று சொல்கிறேன்.

மகன் மெல்பேர்ணில், மகள் லண்டனில். இரண்டு பேரும் தாங்கள்தான் தூரத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?
*ஒரு தகப்பன், கல்லடி*

மகள் சொல்வதுதான் சரி, ஒரு நூலிழை வித்தியாசத்தில். கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் 8,700 கிலோமீற்றர், மெல்பேர்ண் 8,350. இரண்டுக்கும் நேரடி விமானத்தில் பத்தரை, பதினொரு மணித்தியாலம். மகன் சிட்னிக்கு வீடு மாறினால் தங்கையைக் கொஞ்சம் முந்திவிடுவார், அது 8,760. ஆவணியில் மெல்பேர்ண் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் முந்தி, லண்டன் நாலரை மணித்தியாலம் பிந்தி. இரண்டு பிள்ளைகளோடும் ஒன்றாகக் கதைக்க எங்கள் பின்னேரம் நாலு மணி நல்ல நேரம். அண்ணனுக்கு இரவு எட்டரை, தங்கைக்குக் காலை பதினொன்றரை.

டீச்சர், நான் கட்டாரில் வேலை செய்கிறேன். நோன்பு காலத்தில் லீவு முடிந்து பின்னேரம் நாலு மணி விமானத்தில் போனேன். நோன்பு திறக்கிற நேரம் வரவே இல்லை. ஜன்னலில் சூரியன் அப்படியே நின்றது. ஊரில் உம்மா நோன்பு திறந்து, தொழுது, சாப்பிட்டும் முடித்துவிட்டதாகப் பிறகு சொன்னா. ஏன் அப்படி?
*ஒரு வாசகர், காத்தான்குடி*

தம்பி, நீங்கள் சூரியனைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறீர்கள். சூரியன் மறைகிற கோடு ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை மேற்கே நகர்கிறது. நீங்கள் அதே திசையில் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் ஆறு பாகை போகிறீர்கள். அந்தக் கோடு உங்களைப் பிடிக்க ஒன்பது பாகை வேகம்தான் மிச்சம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊரில் 6.20 போல மறைகிற சூரியன் உங்களுக்கு ஊர் நேரப்படி எட்டு மணியளவில்தான் மறைந்திருக்கும். அதில் ஒரு பங்கு உயரத்தால் வருவது. பதினொரு கிலோமீற்றர் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் கீழே இறங்கிவிடும், நிலத்தில் மறைந்த சூரியன் மேலே இருப்பவருக்குக் கால் மணித்தியாலம் போல இன்னும் தெரியும். டுபாயில் உள்ள புர்ஜ் கலீஃபா கட்டடத்தில் 80ஆம் மாடிக்கு மேலே இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150ஆம் மாடிக்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிடமும் பிந்தி நோன்பு திறக்க வேண்டும் என்று 2011இல் அங்குள்ள மார்க்க அறிஞர்கள் சொன்னார்கள். மாடிக்கே அவ்வளவு என்றால் விமானத்துக்கு எவ்வளவு என்று நீங்களே விளங்கிக்கொள்வீர்கள். பயணத்தில் நோன்பு எப்படி என்பதை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது சூரியனின் கணக்கு மட்டும். லீவில் ஊருக்கு வரும்போது இது மறுபக்கம் திரும்பும், கிழக்கே வருவதால் சூரியன் வேகமாக மறையும்.

மட்டக்களப்பிலேயே விமான நிலையம் இருக்கும்போது ஏன் கட்டுநாயக்க வரை அலைய வேண்டும்?
*செங்கலடி வாசகர்*

எங்கள் ஓடுபாதை சின்ன விமானங்களுக்குப் போதும். கடல் கடந்து பதினாலு மணித்தியாலம் பறக்கிற விமானம் எரிபொருளையே நூறு தொன்னுக்கு மேல் சுமந்துகொண்டு எழும்ப வேண்டும், அதற்கு மூன்று கிலோமீற்றர் நீள ஓடுபாதை வேண்டும். கட்டுநாயக்கவில் அது இருக்கிறது. ஆனால் மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஒழுங்கான, கைக்கெட்டும் விலையில் ஒரு சின்ன விமானம் நாள்தோறும் ஓடினாலே எங்கள் வயதானவர்களுக்கு எட்டு மணித்தியால வான் பயணம் மிச்சமாகும். இதை நான் மனதார விரும்புகிறேன், கேட்கக்கூடியவர்களிடம் கேட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

பேரன் ஆனி மாதம் ரொறொன்ரோவில் இரவு 11.40க்குப் பிறந்தான். எங்களுக்கு அது மறுநாள் காலை 9.10. சாதகம் எழுத எந்த நாளையும் நேரத்தையும் கொடுப்பது?
*ஓர் அம்மம்மா, ஆரையம்பதி*

பிறந்த ஊரின் நாளும் நேரமும்தான் அம்மா. இரவு 11.40, ரொறொன்ரோ என்று ஊரின் பெயரோடு எழுதிக் கொடுங்கள். சாதகம் எழுதுகிறவர் அந்த ஊரின் நெடுங்கோடு, அகலக்கோட்டை வைத்துக் கணிப்பார். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: அங்கே பங்குனியிலிருந்து கார்த்திகைத் தொடக்கம் வரை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். சூரியனின் கணக்குக்கு அந்த ஒரு மணித்தியாலத்தைக் கழிக்க வேண்டும்.

எங்கள் நாட்டிலும் இதே சிக்கல் இருந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தது. அந்தப் பத்து வருடமும் வாவிக்கு மேற்கே, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரையில் பழைய நேரம், கிழக்கே எழுவான்கரையில் புதிய நேரம். வாவியின் இந்தக் கரையில் பாதையில் ஏறி அந்தக் கரையில் இறங்கினால் மணிக்கூடு அரை மணித்தியாலம் பின்னே. அந்தக் காலத்துப் பிள்ளைகள் சிலருடைய சாதகக் குறிப்பில் நேரத்துக்குப் பக்கத்தில் "ப.நே." என்று பென்சிலால் எழுதியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பழைய நேரம். பேரனின் குறிப்பிலும் 11.40க்குப் பக்கத்தில் "ரொறொன்ரோ, கோடை நேரம்" என்று எழுதிவிடுங்கள்.